மூணு தட்டு, ரெண்டு கால்

நாற்பத்தோராயிரத்து எழுநூற்றைம்பது. கடைசி ஐம்பதையாவது தள்ளிவிடக் கூடாதா என்று கேட்டதற்கு, "ஐம்பதைத் தள்ளினா அது வேற தொகை ஆயிடும்பா" என்று சொல்லிவிட்டார் பாட்டு மன்றத்தின் பொருளாளர். பியானோவின் முன்கால் ஒடிந்தது, உள்ளே சுத்தியல்கள் கலைந்துபோனது, படிக்கட்டில் மூலை பெயர்ந்த கல் என்று ஒவ்வொன்றுக்கும் விலை விசாரித்துக் கூட்டியிருந்தார் மனிதர். எல்லாம் நியாயமான விலை. அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு இடத்திலாவது ஏமாற்றியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

கடன் அதைத் தூக்கின நாலு பேருக்கும் பொது. கையெழுத்து மட்டும், தூக்கும்போது பாடி அடி சொல்கிற குரல்காரனுடையது. நாலு பேரில் அவனுக்குத்தான் எழுத வரும். அதுவும் தலை நரைக்க ஆரம்பித்த பிறகு, சுமை இறக்கிய களைப்போடு இரவு வகுப்பில் போய் உட்கார்ந்து கற்றது. பேரை முழுசாக, புள்ளி விடாமல் அவன் முதன்முதலில் எழுதிக் கொடுத்த காகிதம் இந்தக் கடன் காகிதமாகப் போயிற்று.

"இதுக்குத்தான் அவ்வளவு கஷ்டப்பட்டுப் படிச்சியாண்ணே?" என்றான் புலம்பல். நல்ல செய்தி வந்தாலும் அதில் ஒரு குறை கண்டுபிடிப்பான் என்பதால் அவனுக்கு அந்தப் பட்டப்பேர். "எங்களைப் பாரு. கைநாட்டு. எவனும் பேனாவை நீட்ட மாட்டான். நிம்மதி."

முதலாளியிடம் போய் நின்றார்கள். வண்டியும் வாரும் அவருடையது. ஆனால் தூக்கினபோது வரும் சேதம் தூக்கினவன் தலையில் என்பது அந்தத் தொழிலில் எப்போதும் உள்ள பேச்சு. "மாசக் கடைசிக்குள்ள முடிச்சிடுங்க. மன்றத்துக்காரங்க இன்னொரு தடவை என் கிடங்கு வாசல்ல வந்து நின்னா, நீங்க நாலு பேரும் வேற வாசல் பாத்துக்கங்க" என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் நாளைக்கு ஆறிவிடும் என்று நம்பியிருக்கலாம்.

லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்குள் கனத்தை ஏற்றுவது அவர்கள் வேலை. இரும்புப் பெட்டி, அச்சு இயந்திரம், பியானோ. தோளில் வார் போட்டு மேல்பக்கம் இரண்டு பேர், கீழ்ப்பக்கம் இரண்டு பேர். படியேறும்போது கனம் முழுக்கக் கீழே நிற்பவர்கள் மார்பில் வந்து சாயும். அங்கே நெட்டையும், எல்லாரும் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிற, குரல்காரனின் தங்கை புருஷனும். மேல்பக்கம் புலம்பலும் குரல்காரனும் மேல்படிக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பின்பக்கமாக ஏறுவார்கள். குரல்காரன் ஒரு அடி பாடுவான், எல்லாரும் "ஹேய்" என்பார்கள், அந்த ஹேயில் எட்டுக் கால்களும் ஒரு படி ஏறும். குரல் இல்லையென்றால் அடி இல்லை. குளவி கொட்டினாலும் இல்லை. பாட்டுக்கென்று வார்த்தை எதுவும் கிடையாது. வார் பிடித்திருப்பவனைக் கிண்டல் பண்ணுவதுதான் பாட்டு.

நெட்டை மரமே — ஹேய்
நிழலைக் காணோம் — ஹேய்
முதலாளி தொப்பை — ஹேய்
முன்னால போகுது — ஹேய்

பியானோ விழுந்த அன்று மன்றத்து மாடியில் ஒத்திகை நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. படிக்கட்டு திரும்புகிற இடத்தில் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி தூக்கினார்கள். அப்போது மேலே யாரோ கதவைத் திறந்தார்கள். நாற்பது தொண்டை, ஒன்றாக. குரல்காரனுக்குப் பிடரி சிலிர்த்துவிட்டது. ஊஞ்சல் மாதிரி, ஒரு தட்டு அழுத்தம், ரெண்டு தட்டு லேசு, மறுபடி அழுத்தம் என்று மூணு மூணாகப் போகிற பாட்டு. இவர்களுடையதோ ரெண்டு ரெண்டு. மனுஷனுக்கு ரெண்டு கால்தானே. வருஷக்கணக்காகக் குரல் கேட்டே நடந்து பழகின கால்கள் அவை. தங்கள் குரலைவிடப் பெரிய குரல் ஒன்று வந்ததும் அதன் பின்னால் போய்விட்டன. மாப்பிள்ளையின் கால் மூணில் எழுந்தது. நெட்டையின் காலும். புலம்பல் மட்டும் வழக்கம்போல எதையோ வாய்க்குள் திட்டிக்கொண்டிருந்ததால் தப்பித்தான். பியானோ ஒரு பக்கம் சாய்ந்தது, அதன் கால் முறிந்தது, மாப்பிள்ளையின் கட்டைவிரல் நகம் பூட்ஸுக்குள்ளேயே பெயர்ந்துவிட்டது.

பாட்டைக் கேட்டுக் கால் மாறிப்போச்சு என்று எவனிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பான். நம்பினது ஒரே ஒரு ஆள். மாடியிலிருந்து ஓடிவந்தவர்களில் பொருளாளர், "ஐயோ, பியானோ!" என்றார். பாட்டுக்காரர்களை நடத்துகிற அம்மா, மாப்பிள்ளையின் காலைப் பார்த்து ஐஸ் கொண்டுவரச் சொல்லிவிட்டு, குரல்காரன் பக்கம் திரும்பி, "நீங்க இப்ப என்ன பாடிட்டு வந்தீங்க?" என்று கேட்டாள்.

ஒரு வாரம் கழித்து அவளே கிடங்குக்கு வந்தாள். ஐம்பது வயதிருக்கும், தோளில் ஒரு துணிப்பை. பாட்டை நடத்துகிறவர்களுக்கு கண்டக்டர் என்று பேர் என்றதும் நெட்டை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"அப்போ டிக்கெட் எடுக்கணுமா கண்டக்டரம்மா?"

"எடுக்கணும். ஆனா வண்டி எங்க போய் நிக்கும்னு எனக்கே தெரியாது" என்றாள் அவள். அதிலேயே இவர்களுக்குப் பாதிக் கோபம் போய்விட்டது.

அவள் வேலை இதுதான்: பல தேசத்து வேலைப் பாட்டுகளைத் தேடிப் பிடிக்கிறாள். பாலைவனத்தில் கிணறு இறைக்கிறவர்கள் பாட்டு, தீவில் வலை இழுக்கிறவர்கள் பாட்டு, மலையில் கம்பளி அடிக்கிறவர்கள் பாட்டு. அதையெல்லாம் நாலு அடுக்குக் குரலுக்கு எழுதி, மன்றத்து ஆட்களைப் பாடவைக்கிறாள். மாதக் கடைசியில் நிகழ்ச்சி. கடைசிப் பாட்டாக இவர்களுடையதை வைக்க வேண்டும்.

"அன்னைக்குப் படிக்கட்டுல ரெண்டும் மோதிச்சே, அதுதான் எனக்கு வேணும். நாங்க மூணுல போறோம், நீங்க ரெண்டுல வாங்க. மோதணும். விழக் கூடாது."

"சும்மா நின்னு பாடினாப் போதாதா?" என்றான் குரல்காரன்.

"பாடிக் காட்டுங்க பாப்போம்."

பாடிக் காட்டினார்கள். கையில் கனம் இல்லாமல் ஹேய் நாலு திசையில் போயிற்று. கனம்தான் அவர்களுக்குத் தாளம். அவள் சிரிக்கவில்லை. "பாத்தீங்களா" என்றாள்.

பேச்சு முடிந்தது பொருளாளரின் அறையில். பழுது பார்த்து வந்த அதே பியானோவை, கூட்டத்துக்கு முன்னால் மேடைப் படியில் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். "பாட்டு முடியணும், பியானோ மேல இருக்கணும். ரெண்டும் நடந்தா இந்தக் காகிதத்தைக் கிழிச்சிடலாம். செயற்குழு ஒத்துக்கிச்சு" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மறுபடி விழுந்தா அந்தத் தொகையும் இதோட சேரும். அதையும் சொல்லிடுறேன்" என்றார்.

"சரிங்க" என்று அங்கேயே சொல்லிவிட்டான் குரல்காரன். வெளியே நின்றிருந்த மூணு பேரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனான். மாப்பிள்ளை வெந்நீர் பேசினில் காலை விட்டு உட்கார்ந்திருந்தான். கட்டைவிரல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. தங்கை அண்ணனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். போட்ட சத்தத்திலேயே கோபம் தெரிந்துவிட்டது.

"ஏண்ணே, ஒரு விரல் போனது போதாதா? மிச்சம் ஒன்பதையும் பாட்டுக்கு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டியா?"

"சும்மா இரு" என்றான் மாப்பிள்ளை. "மச்சானுக்குத் தெரியாததா?"

"உங்க மச்சானுக்குத் தெரிஞ்சதாலதான் பேசின்ல உக்காந்திருக்கீங்க."

தங்கை கொடுத்த டீயைக் குரல்காரன் குடிக்காமல் வைத்திருந்தான். "இவரைக் கீழ நிறுத்தாதே" என்றாள் அவள். "வேற யாரு நிப்பா? அந்தத் தோளு வேற யாருக்கும்மா இருக்கு?" என்றான். அது உண்மைதான். உண்மையாக இருப்பதால் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

"அப்போ ஒண்ணு சொல்லு. பாதியில கால் தடுமாறினா என்ன பண்ணுவே?"

"அங்கேயே நிறுத்திடுவேன்."

"கடன்?"

"கடன் கிடக்கட்டும்."

சொல்லிவிட்டான். வீட்டுக்கு நடக்கும்போது அந்த வார்த்தை வாயில்தான் இருந்தது, வயிற்றில் இறங்கவில்லை. தொகை மட்டும் இறங்கியிருந்தது.

ஒத்திகைக்கு மன்றத்து ஆட்கள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தார்கள். பள்ளிக்கூட டீச்சர்கள், ஒரு வங்கிக்காரர், கணக்கெழுதுகிற பெண்கள், அடித்தொண்டைப் பாட்டுக்கு ஒரு பல் டாக்டர். காகிதத்தைப் பார்த்து, "முதலாளி தொப்பை" என்பதை நாலு அடுக்காக, கோவிலில் பாடுகிற பக்தியோடு பாடினார்கள். நெட்டை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு குலுங்கினான். நல்ல மனிதர்கள். ஆனால் அவர்கள் வாயைத் திறந்தால் கால் போய்விடும். அதுதான் பயம்.

கல் நிரப்பின பெட்டியை வைத்துப் பழகினார்கள். முதல் தடவை மூணாவது படியிலேயே மாப்பிள்ளையின் முழங்கால் ஊஞ்சலாட ஆரம்பித்தது. இறக்கிவிட்டார்கள். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார்கள். "இப்ப உன் குரலும் கேக்கலண்ணே. வாய் மட்டும் தெரியுது. தொட்டி மீன் மாதிரி இருக்கே" என்றான் நெட்டை. பஞ்சை எடுத்தார்கள்.

வழி கிடைத்தது தற்செயலாக. ஒரு நாள் எரிச்சலில் குரல்காரன், புலம்பலின் மாமனார் கொடுத்த ஓட்டை சைக்கிளைப் பாட்டில் இழுத்துவிட்டான். இதுவரை யாரும் பாடாத கிண்டல். அடுத்து நம்மைப் பற்றி என்ன சொல்லப்போகிறானோ என்று மற்ற ரெண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். சுற்றிலும் நாற்பது பேர் மூணு மூணாகக் கொட்டியும் கால் அசையவில்லை. இவன் வாயையே பார்த்துக்கொண்டு ஏறிவிட்டார்கள். ஆக, கிண்டல் புதுசாக இருந்தால் கால் நிற்கும். பழசானால் போய்விடும்.

"காகிதத்துல இருக்கிற அடி?" என்று கேட்டாள் கண்டக்டரம்மா.

"அது உங்க ஆளுங்க பாடட்டும். நான் அப்பப்ப வர்றதைப் பாடுறேன்."

அவள் பென்சிலால் அவன் வரியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் வெறும் கோடு ஒன்று இழுத்தாள்.

அதற்குப் பிறகு ரெண்டு தடவை பெட்டி மேலே போய்ச் சேர்ந்தது. ஆனால் சரக்கு தீர்ந்துகொண்டே வந்தது. ஒரே ஆளை எத்தனை விதமாகத் திட்டுவது? வேலை நேரத்தில், சாப்பிடும்போது, பஸ்ஸில் எல்லாம் குரல்காரன் கூட்டாளிகளின் குறையைத் தேடிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளையைப் பற்றித்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. அவன் குடிப்பதில்லை, கடன் வாங்குவதில்லை, சொன்ன நேரத்துக்கு வருவான். "நீ ஏதாவது தப்பு பண்ணித் தொலையேன் மாப்ள" என்று கெஞ்சினான் இவன்.

நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அரங்கம் நிறைந்துவிட்டது. ரெண்டாவது வரிசையில் முதலாளி, குடும்பத்தோடு. முதல் வரிசை ஓரத்தில் பொருளாளர், மடியில் ஒரு கோப்பு. தங்கை வரவில்லை.

கிணற்றுப் பாட்டு போயிற்று. வெளியிலிருந்து வந்த வயலின்காரர் ஒருவர் சேர்ந்து வாசித்த வலைப் பாட்டுக்குக் கைதட்டல் ஓயவே நேரமாயிற்று. இவர்கள் பக்கவாட்டில், படிக்குக் கீழே பியானோவோடு நின்றிருந்தார்கள். மாப்பிள்ளை பூட்ஸை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டும்போது முகத்தைச் சுளிக்கவில்லை. சுளிக்காமல் இருக்க அவன் பட்ட பாடு தெரிந்தது.

"வலிக்குதா?"

"இல்ல மச்சான்."

கண்டக்டரம்மா கையை உயர்த்தினாள். பாட்டு மூணில் கிளம்பியது, மெதுவாக, தூரத்திலிருந்து வருவது மாதிரி. அவள் இடது கை இவர்கள் பக்கம் திரும்பியது.

நெட்டை அண்ணன் — ஹேய்
நிலாவைத் தட்டுவான் — ஹேய்

முதல் படி. ரெண்டாவது படி. கூட்டத்தில் சிரிப்பு. சிரிப்பு வரும் என்று அவன் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. புலம்பலுக்கு ரெண்டு அடி போட்டான், மறுபடி சிரிப்பு. சிரிப்புக்கு மேல் பாட்டு ஏறியது. பெண்கள் மேல் அடுக்கை எடுத்தார்கள், பல் டாக்டர் பக்கத்திலிருந்து தரை அதிர்ந்தது. அழகாக இருந்தது, சனியன். நாலாவது படி. இப்போது மாப்பிள்ளைக்கு.

மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. தேடித் தேடிச் சேர்த்து வைத்த ஒரே ஒரு அடியும் மறந்துவிட்டது. பழைய அடி ஒன்றை எடுத்துப் போட்டான். மாப்பிள்ளை ஹேய் என்றான், ஆனால் கண் இவன் வாயில் இல்லை; எங்கோ கீழே. இடது முழங்கால் லேசாக மடங்கி நிமிர்ந்தது. ஒண்ணு, ரெண்டு மூணு. ஒண்ணு, ரெண்டு மூணு. பக்கத்தில் நெட்டையின் தோளும் அதோடு சேர்ந்து அசையப் பார்த்தது.

குரல்காரன் வாயை மூடிக்கொண்டான்.

குரல் இல்லை, அடி இல்லை. நாலு பேரும் நட்டுவைத்த மாதிரி நின்றார்கள், பியானோ நடுவில் தொங்கியது. மன்றத்து ஆட்கள் காகிதத்தில் உள்ளது வரை பாடினார்கள். பிறகு அவள் பென்சிலால் கோடு இழுத்த இடம் வந்தது. அங்கே அவன் ஒருவன் குரல்தான் இருக்க வேண்டும். எல்லாரும் நிறுத்தினார்கள்.

நடக்கும்போது ஒரு கனம், நிற்கும்போது அதே பொருள் வேறு கனம். நிற்கிற கனம் எலும்புக்குள் இறங்கும். வார் தோளை அறுத்தது. புலம்பல் முதல் தடவையாக ஒன்றும் முணுமுணுக்காமல் நின்றான். கண்டக்டரம்மாவின் கை அந்தரத்தில். பொருளாளர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"மச்சான்" என்றான் மாப்பிள்ளை, உதடு அசையாமல். "கூப்பிடு. ஏறிடலாம்."

"முடியுமா?"

"ஏறிடுவேன்."

இந்த மனுஷனிடம் ஒரு குறையாவது கிடைக்காதா என்று இத்தனை நாளாகத் தேடினானே, இதோ கண் முன்னால் பொய் சொல்கிறான். பூட்ஸின் முனைத் தோலில் ஈரம் கறுப்பாகப் பரவியிருந்தது. இன்னும் பாதிப் படிகள் இருக்கின்றன. மேலே போய்விட்டால் நாற்பத்தோராயிரத்து எழுநூற்றைம்பது இல்லை. முதலாளி இல்லை, வேற வாசல் இல்லை. ஒருவேளை ஏறியும் விடுவான். தோள் அப்படிப்பட்ட தோள். ஒருவேளை.

"இறக்கு..." என்று நீட்டிக் குரல் கொடுத்தான்.

படியிறங்கும் குரல் வேறு. அதற்கு ஹேய் கிடையாது, மூச்சை விட்டபடி "ஓ..." என்பார்கள், அந்த மூச்சு முடிகிற இடத்தில் கால் பதியும். மன்றத்து ஆட்களுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. காகிதத்தில் அது இல்லவே இல்லை. மூணு பேரும் "ஓ..." என்றார்கள். சின்னச் சத்தம். அவ்வளவு பெரிய அரங்கத்தில் கிணற்றுக்குள் விழுந்த சத்தம் மாதிரி.

கண்டக்டரம்மாவின் முகம் வெளுத்தது. குரல்காரன் அதைப் பார்த்தான். போச்சு, அடுத்து இவள் மூணு தட்டைக் கிளப்பினால் நாம் தொலைந்தோம் என்று நினைத்தான். அவள் உயர்த்தின கையை மெல்லத் திருப்பினாள். உள்ளங்கை கீழே பார்த்தது. அதைத் தரைக்கு இணையாக, தண்ணீர் மேல் வைப்பது போல வைத்தாள். நாற்பது பேரும் ஒரே சுரத்தைப் பிடித்தார்கள். வாய் மூடி, நீளமாக. ஒருவர் மூச்சு எடுத்தால் பக்கத்தவர் தாங்கிக்கொண்டார். தட்டு இல்லை, அழுத்தம் இல்லை, ஊஞ்சல் இல்லை. கால் பிடித்துக்கொண்டு ஓட அதில் ஒன்றுமே இல்லை. அதன் மேல் இவன் குரல் மட்டும் தெளிவாக விழுந்தது.

கிண்டல் எதுவும் இல்லை. "நெட்டை, உன் பக்கம்..." ஓ... "மாப்ள, வலது கால்..." ஓ... "அவசரம் இல்ல..." ஓ... அவன் வாழ்நாளில் இவ்வளவு வெறுமையாகப் பாடியதில்லை. ஒவ்வொரு படியாகப் பியானோ இறங்கியது. கடைசியில், "வை."

வைத்தார்கள். அவள் விரல்களை மூடினாள். சுரம் நின்றது.

பிறகு அரங்கமே எழுந்து தட்டியது. இப்படித்தான் பாட்டைக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. முதலாளிகூடத் தட்டினார்.

"என்னத்துக்குத் தட்டுறாங்க?" என்றான் புலம்பல். "ஏத்தாததுக்கா?"

பின்னறையில் மாப்பிள்ளையை உட்காரவைத்து பூட்ஸைக் கழற்றினார்கள். பல் டாக்டர் மண்டிபோட்டு, "நான் பார்க்கிற இடம் இது இல்ல, இருந்தாலும் குடுங்க" என்று சொல்லிக் கட்டுப் போட்டார். பொருளாளர் கோப்போடு வந்து நின்றார்.

"நல்லா இருந்தது. எனக்கே கண்ணு கலங்கிருச்சு" என்றார். "ஆனா, பேசினபடி மேல ஏறல."

"அரங்கமே எழுந்து நின்னுச்சு!" என்று சீறினாள் கண்டக்டரம்மா.

"நின்னுச்சும்மா. பியானோ மேல நிக்கலையே. செயற்குழுவுக்கு நான் என்ன சொல்றது?"

"அவர் சொல்றது சரிம்மா" என்றான் குரல்காரன். "ஏறல. கடன் கடன்தான்." அழுகை வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. தோள் மட்டும் லேசாக இருந்தது.

அவள் ஒரு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "இன்னும் மூணு ஊர்ல இதே நிகழ்ச்சி இருக்கு. முதல் ஊருக்கு ரெண்டு மாசம் இருக்கு, அதுக்குள்ள கால் ஆறிடும். நான் பாட்டை மாத்தப் போறேன். ஏறவே வேண்டாம். பியானோ முன்கூட்டியே மேல இருக்கட்டும், நீங்க இறக்கினா போதும். கால் படியில இருக்கிற வரைக்கும் நாங்க தட்டே வைக்க மாட்டோம். வருவீங்களா?"

சரிங்க என்று சொல்ல வாயெடுத்த குரல்காரன் நிறுத்திக்கொண்டான். திரும்பினான். "என்னடா சொல்றீங்க?"

"என்னையா கேக்குறே?" என்றான் நெட்டை. உண்மையிலேயே ஆச்சரியப்பட்டான்.

"உங்க மூணு பேரையும்தான்."

மாப்பிள்ளை, "உன் தங்கச்சிகிட்ட நீயே வந்து சொல்றதா இருந்தா சரி மச்சான்" என்றான். புலம்பல் தொண்டையைச் செருமினான். "வரலாம். ஆனா கடனுக்குப் பாடுறது எனக்குப் பிடிக்கல. விழுந்ததுக்குத் தண்டனை மாதிரி இருக்கு. கூலி பேசுண்ணே."

குரல்காரன் பொருளாளரைப் பார்த்தான். "வெளியிலிருந்து ஒரு வயலின்காரரைக் கூட்டிட்டு வந்தீங்களே, அவருக்கு ஒரு நிகழ்ச்சிக்கு என்னங்க குடுத்தீங்க?"

பொருளாளருக்குப் பொய் வராது. "மூவாயிரத்து ஐந்நூறு."

"எங்களுக்கும் அதே. ஆளுக்கு."

"அதெப்படிப்பா? அவரு படிச்சு, பட்டம் வாங்கி..."

"சார், அவரு வயலினைத் தூக்கிட்டு வர்றாரு, நாங்க பியானோவைத் தூக்கிட்டு வர்றோம்" என்றான் நெட்டை. "எடை போட்டுக் குடுங்களேன், எங்களுக்குச் சம்மதம்."

பல் டாக்டர் முதலில் சிரித்தார், அப்புறம் எல்லாரும். பொருளாளர் சிரிக்கவில்லை. உதட்டுக்குள் கணக்குப் போட்டார். நாலு பேருக்குப் பதினாலாயிரம். மூணு ஊருக்கு நாற்பத்திரண்டாயிரம். அவர் கண்கள் ஒரு நொடி கோப்பின்மேல் நின்றன. "செயற்குழுவுல கேக்கணும்" என்றார். கேட்டார். ஒரு உறுப்பினர் கூலி அதிகம் என்றாராம். அப்படியானால் இறக்குவதற்கு நீங்களே வாருங்கள் என்று கண்டக்டரம்மா சொன்னாளாம். முதலாளியிடமும் பொருளாளரே போய், கணக்கு பேசி முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தார்.

தங்கையிடம் சொல்ல குரல்காரனுக்கு ரெண்டு சாயங்காலம் பிடித்தது. அவள் கடைசியில், "முதல் ஊருக்கு நானும் வர்றேன். முன்வரிசையில உக்காருவேன். இவரு முகம் கோணினா அங்கிருந்தே கத்துவேன்" என்றாள். வந்தாள். கத்தவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது அந்த நீளச் சுரத்தை வாய்க்குள் முனகிக்கொண்டே வந்தாள், தனக்கே தெரியாமல்.

மூணாவது ஊரில் கடைசி நிகழ்ச்சி முடிந்ததும் பொருளாளர் காகிதத்தை மேசைமேல் விரித்தார். கூலி நாற்பத்திரண்டாயிரம், கழிந்தது நாற்பத்தோராயிரத்து எழுநூற்றைம்பது. குறுக்கே ஒரு கோடு போட்டு, "முழுவதும் தீர்ந்தது" என்று எழுதிக் கையெழுத்திட்டார். மீதி இருநூற்றைம்பதை எண்ணி நீட்டினார்.

குரல்காரன் பணத்தை நெட்டை கையில் கொடுக்கச் சொல்லிவிட்டுக் காகிதத்தை எடுத்தான். விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, மேலிருந்து கீழே வரை படித்தான். நேரம் பிடித்தது. பொருளாளர் அவசரப்படுத்தாமல் நின்றார். வெளியே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

"இருநூற்றைம்பதை நாலாப் பிரிச்சா அறுபத்திரண்டரை வருது. அந்த அரைக்கு எங்கடா போறது?" என்று ஆரம்பித்தான் புலம்பல்.

"சரியா இருக்குங்க" என்றான் குரல்காரன். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"அப்போ பியானோவை வண்டியில ஏத்திடுவீங்களா?" என்று கேட்டார் பொருளாளர்.

"ஏத்தலாம். அது வேற கூலி" என்றான் குரல்காரன்.